பினாங்குக்கு எப்போது போகலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: குடும்பத்தோடு மலேசியாவில் இருக்கும் பினாங்கு போக இருக்கிறோம், மூன்று நாள்தான் கிடைக்கும். தைப்பூசத்தை ஒட்டிப் போங்கள் என்று சிலர் சொல்கிறார்கள், அந்தக் கூட்டத்தில் ஊரைப் பார்க்கவே முடியாது என்று சிலர் சொல்கிறார்கள். எதைக் கேட்பது? (கோவை வாசகி)

பதில்: தைப்பூசத்துக்கே போங்கள். கூட்டம் இருக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில்தான் அந்த ஊரே இருக்கிறது.

பலரும் பூசத்தன்று காலையில் வந்து இறங்கி, நேராகத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போய்க் காவடி பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பூசத்துக்கு முதல் நாளே பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனில் இருக்க வேண்டும். அன்று விடியற்காலையில் பினாங்கு தெருவில் இருக்கும் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் வந்த ரதம் அது, இன்றும் ஓடுகிறது. 2017 முதல் குயின் தெரு மகா மாரியம்மன் கோவிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்துகொண்டு தங்க ரதமும் போகிறது. இரண்டும் மலையடிவாரம் போய்ச் சேர இரவாகிவிடும். தூரம் அதிகம் என்பதால் இல்லை, வழியெல்லாம் நிறுத்தி அர்ச்சனை, அப்புறம் தேங்காய். அந்தத் தேங்காயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

கடை வாசல்களில் காய்களை மலையாகக் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் நெருங்கும்போது ஆளாளுக்கு இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கித் தார்ச் சாலையில் ஓங்கி அடிப்பார்கள், தேங்காய்த் தண்ணீர் சாலையில் ஓடும், ஓட்டுத் துண்டு நாலாபுறமும் தெறிக்கும், உடைத்து முடித்ததும் ரதத்துக்கு வழிவிட ஆட்கள் இறங்கி அத்தனையையும் ஓரமாக ஒதுக்குவார்கள். உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். வீட்டோடு வந்து, ஊதுபத்தி கொளுத்திக் கும்பிட்டு, தலைமுறையாக உடைக்கிறவர்கள் உண்டு. யாரும் அவர்களைக் கூப்பிட்டு வரச் சொன்னதில்லை. பக்கத்துக் கடைக்காரர் சாமி நம் வாசல் வழியாகப் போகிறது, நாமும் வேண்டிக்கொள்வோம் என்று துறைமுக ஊரில் பழகிய பழக்கம் அது. எனக்குப் பினாங்கைப் பிடித்துப்போனதற்கு இந்த ஒரு காட்சியே போதும். செருப்புக்குப் பதில் நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள், ஓடு காலைக் கிழித்துவிடும். குழந்தைகளைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்.

ஒரு வேலை மட்டும் முன்கூட்டியே முடிக்க வேண்டும்: அறை. தைப்பூசம் அங்கே அரசு விடுமுறை, சில வருஷம் சீனப் புத்தாண்டும் பக்கத்திலேயே வந்துவிடும், கடைசி நேரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். கோலாலம்பூரில் இறங்குவதாக இருந்தால் ரயிலில் பட்டர்வொர்த் வரை வந்து, அங்கிருந்து ஃபெர்ரியில் தீவுக்குப் போங்கள். பாலம் வழியாகவும் போகலாம்தான். ஆனால் துறைமுகத்துக்குக் கடல் வழியாக வந்து சேர்வது தனி சுகம்.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. மலைக்கோவிலுக்கு 500 படிக்கு மேல் என்கிறார்களே, கூட்டிப் போகலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: 513 படி. பூசத்தன்று ஏற்ற வேண்டாம், வெயிலும் நெரிசலும் சேர்ந்து சிரமப்படுத்திவிடும். அம்மாவுக்கு ரதம்தான் தரிசனம், சாமியே தெருவுக்கு வருகிறது. மாலையில், மலைக்குப் போகிற சாலையில் தண்ணீர்ப் பந்தல் ஒன்றின் பக்கமாக உட்கார இடம் பார்த்துக்கொடுங்கள். நிறைய பந்தல் போட்டு மோரும் சாப்பாடும் கொடுப்பார்கள், காசு வாங்க மாட்டார்கள். சில பந்தலில் பாட்டுச் சத்தம் காதைப் பிளக்கும், அதை விட்டுக் கொஞ்சம் அமைதியான பந்தலாகப் பாருங்கள். மலை ஏற வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தால், விழாக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு காலையில் நிதானமாக ஏறலாம்.

கேள்வி: எங்களுக்கு ஆகஸ்டில்தான் விடுமுறை. திருவிழா இல்லாத நேரத்தில் போனால் என்ன இருக்கும்? நாங்கள் நாகூர்க்காரர்கள். (நாகூர் வாசகி)

பதில்: நாகூர்க்காரர்களுக்கு அங்கே சொந்த வீடே இருக்கிற மாதிரிதான். சூலியா தெருவில் நாகூர் ஆண்டகை பெயரில் பழைய தர்கா ஒன்று இருக்கிறது, கடல் தாண்டிப் போன நம் வணிகர்களும் கப்பல்காரர்களும் அங்கே உண்டாக்கியது. நடந்து போகிற தூரத்தில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் முன்னின்று தொடங்கியது. பள்ளிவாசல் இருக்கும் சாலையிலேயே சீனர்களின் குவான்யின் கோவில், அதற்குப் பக்கத்தில் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோவில். ஒரு காலைப் பொழுதில் எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். 2008இல் யுனெஸ்கோ இந்த ஊரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இப்படிப் பல சமூகங்கள் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையையும் ஒரு காரணமாகச் சொன்னது.

ஆகஸ்டில் விழாவே இல்லை என்றும் சொல்ல முடியாது. சீனர்களின் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும். பசித்த ஆவிகளுக்குப் படையல் வைக்கிற மாதம் அது. தெருவில் மேடை போட்டு கூத்தும் பாட்டும் நடக்கும், முன்வரிசை நாற்காலிகள் சில இடங்களில் ஆவிகளுக்காகக் காலியாக விடப்பட்டிருக்கும். அதில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகச் சுமந்து துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்றுத் தொடங்கிய சாப்பாடு. நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றச் சொல்லுங்கள், தனித்தனியாகக் கேட்டால் பாதி ருசி போய்விடும்.

கேள்வி: அலகு குத்தியவர்களைப் படம் எடுக்கலாமா? (சேலம் வாசகர்)

பதில்: எடுக்கலாம், பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அலகு குத்துகிற நேரத்தில் முகத்துக்குக் கிட்டே போனை நீட்டாதீர்கள், அவரைச் சுற்றி அவர் வீட்டு ஆட்கள் பாடிக்கொண்டு, பயத்தோடு நின்றிருப்பார்கள். காவடி எடுத்து ஆடுகிறவருக்கு முன்னால் நின்று வழியை மறிக்கவும் வேண்டாம். ஓரமாக நின்று எடுங்கள், ஃப்ளாஷை அணைத்துவிட்டு.