வீட்டில் ஒருவர் நடக்கத் தொடங்கினால்: குடும்ப உடற்பயிற்சி குறித்த கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கணவன், மனைவி, பிள்ளைகள், பெரியவர்கள் ஆகியோரை உடற்பயிற்சியின் பக்கம் எப்படித் திருப்புவது என்று நீங்கள் கேட்டவற்றுக்கு, எனக்குத் தெரிந்தவரையில் இங்கே விடையளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். ஓராண்டாகத் தினமும் காலை ஐந்தரை மணிக்கு நடக்கப் போகிறேன்; 8 கிலோ குறைந்திருக்கிறது. என் மனைவியோ எத்தனை முறை அழைத்தாலும் வர மறுக்கிறார். என்னைப் பார்த்தும் அவருக்கு ஏன் ஆர்வம் வரவில்லை?

பதில்: தம்பி, நீங்கள் நடக்கும் ஐந்தரை முதல் ஆறரை மணிவரை உங்கள் மனைவி என்ன செய்கிறார் என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பால் காய்ச்சுகிறார், இட்லி ஊற்றுகிறார், மதியத்துக்குக் குழம்பு வைக்கிறார், பிள்ளைகளை எழுப்பி டிபன் பாக்ஸ் கட்டுகிறார். நீங்கள் நடப்பதற்கான அந்த ஒரு மணி நேரத்தை உங்களுக்குக் கொடுத்திருப்பவரே அவர்தான். அவருக்கு அதேபோல் ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

நானும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். 47ஆம் வயதில் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் நடக்கத் தொடங்கினேன். வகுப்பில் பேசுவதைப் போலவே வீட்டிலும் என் மனைவிக்கு உடல்நலத்தைப் பற்றிப் பாடம் எடுத்தேன். ஏழு மாதம் பேசியும் எந்தப் பயனும் இல்லை. பிறகு வாரத்தில் மூன்று நாள் காலை வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். முதல் நாள் இரவே காய் நறுக்கி வைத்துவிட்டு, காலையில் நானே எழுந்து பால் வாங்கி வந்து, இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றினேன். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் மாடிக்குப் போனபோது, அவர் சேலைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, துணி காயும் கொடிகளுக்கு அடியில் குனிந்து நிமிர்ந்து மொட்டை மாடியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பின் இருபது நாள் கழித்து, விளக்கை அணைக்கும்போது, “நாளைக்கு நீங்க எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?” என்று அவரே கேட்டார்.

ஆகவே இனி அழைக்காதீர்கள். எந்த மூன்று நாள் காலை அடுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதை மட்டும் அவரிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர் நடக்காமல் தூங்கினாலும் முகம் சுளிக்காதீர்கள். பல ஆண்டுகளாகச் சேர்ந்த களைப்பு முதலில் தூக்கத்தைத்தான் கேட்கும்.

கேள்வி: ஒருவரைப் பார்த்து மற்றவர் மாறுவார் என்பதற்கு ஆய்வுச் சான்று ஏதும் உண்டா, அல்லது இது வெறும் நம்பிக்கையா?

பதில்: சான்று உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள், இங்கிலாந்தில் 50 வயதைக் கடந்த 3,722 இணையரின் பழக்கங்களைத் தொடர்ந்து கவனித்து, 2015ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். உடலுழைப்பே இல்லாதிருந்த ஆண்களில், மனைவியும் அதே காலத்தில் உடற்பயிற்சிக்கு மாறியிருந்தால் 67 விழுக்காட்டினர் மாறினார்கள். மனைவி மாறாத வீடுகளில் 26 விழுக்காட்டினரே மாறினார்கள். பெண்களிடமும் ஏறத்தாழ இதே வேறுபாடு காணப்பட்டது. இதில் என் மனத்தில் நின்ற செய்தி வேறொன்று: தொடக்கத்திலிருந்தே சுறுசுறுப்பாக இருக்கும் துணையைவிட, புதிதாக மாறிய துணையே மற்றவர் மாறுவதற்குக் கூடுதல் தூண்டுதலாக இருந்திருக்கிறார். முப்பது ஆண்டாக ஓடுபவரைக் கண்டால் ‘அவர் பிறவி அப்படி’ என்று ஒதுங்கிவிடுகிறோம். நேற்றுவரை நம்மைப் போலவே சோபாவில் சாய்ந்திருந்தவர் எழுந்து நடந்தால், நம்மாலும் முடியும் என்று தோன்றுகிறது. இருவரையும் ஒரே மருத்துவர் எச்சரித்ததால்கூட இருவரும் ஒரே காலத்தில் மாறியிருக்கலாம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் தயக்கத்தோடு இப்போதுதான் தொடங்குகிறவர்கள், வீட்டில் தங்கள் சொல் எடுபடாது என்று எண்ண வேண்டியதில்லை.

கேள்வி: என் கணவருக்கு 52 வயது, சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. நான் உடற்பயிற்சி செய்வதைப் பார்த்தால், “இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?” என்று சிரிக்கிறார். அவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: சகோதரி, அவருடைய சிரிப்புக்குப் பதில் சொல்ல வேண்டாம். அவர் வயிற்றைப் பற்றியோ, எதிர்வீட்டுக்காரர் உடம்பைக் குறைத்ததைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். ஒப்பிட்டுப் பேசினால் நடக்க நினைப்பவரும் வீம்புக்கு உட்கார்ந்துவிடுவார்.

இரவு உணவு முடிந்து அரை மணி நேரத்துக்குள் தெருவில் 15 நிமிடம் நடக்கத் தொடங்குங்கள். “இருட்டில் தனியாகப் போகத் தயக்கமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா?” என்று கேளுங்கள். பெரும்பாலான தெருக்களில் அது உண்மையான காரணமும்கூட. உண்டபின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை, வேலை செய்யும் கால் தசைகள் எடுத்துக்கொள்வதால், எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு இந்தக் குறுநடை நல்ல பலன் தரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயதுவந்தவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியையும் சொல்கிறது. தினம் 15 நிமிடம் என்றால் வாரத்துக்கு 105தான் ஆகும். அது போதாது, ஆனால் ஒன்றுமே செய்யாதவருக்கு அந்த 105 நிமிடம் பெரிய தொலைவு. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் எனக்கென்று தனியாகச் சிறுதானியம் சமைத்துச் சாப்பிடுகிறேன். வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை.

பதில்: தனிப் பாத்திரம் வைத்தால் அது நோயாளி உணவாகவே பார்க்கப்படும். எல்லோரும் உண்ணும் பொதுச் சமையலில் கை வையுங்கள். பொரியலையும் கூட்டையும் இரு மடங்காக்கி முதலில் பரிமாறுங்கள். சோறு தானாகக் குறையும். மாத மளிகையில் எண்ணெயை அரை லிட்டர் குறைத்து வாங்குங்கள். மாலை பஜ்ஜிக்குப் பதில் வாரம் நான்கு நாள் சுண்டல் செய்யுங்கள். இவற்றை உடல்நலத்துக்காகச் செய்கிறேன் என்று அறிவிக்காமலே செய்யுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. எடை கூடிவிட்டது, எந்நேரமும் கைப்பேசிதான். உறவினர்கள் எதிரில் சொன்னாலாவது உறைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அறையை விட்டே வெளியே வருவதில்லை.

பதில்: அம்மா, அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கடுமையாகச் சொல்வதற்கு மன்னியுங்கள். அவமானப்பட்ட பிள்ளை மைதானத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பி.டி. பீரியடில் எப்போதும் வேப்பமரத்தடியிலேயே நிற்பான். ஓடும்போது மற்றவர்கள் சிரித்ததுதான் காரணம் என்று தெரிய எனக்கு ஒரு பருவம் முழுதும் ஆயிற்று. நான் அவனை ஓடச் சொல்லவில்லை. மாலையில் சுண்ணாம்புக் கோடு போட எனக்குத் துணையாக வரச் சொன்னேன். வாளியைத் தூக்கிக்கொண்டு 200 மீட்டர் தடத்தைச் சுற்றிச் சுற்றி என்னோடு நடந்தான். யாரும் இல்லாத அந்த மைதானத்தில் ஒரு நாள் அவனாகவே ஒரு சுற்று ஓடிப் பார்த்தான். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் மகனுக்கும் யாரும் பார்க்காத ஓர் இடமும், அளந்து பார்க்காத ஒரு துணையும் தேவை. ஒரு ஷட்டில் மட்டையை அவனிடம் கொடுத்து, இன்னொன்றை நீங்களோ அவன் தந்தையோ எடுத்துக்கொள்ளுங்கள். டியூஷனுக்கு வண்டியில் கொண்டுபோய் விடுவதை நிறுத்தி, சைக்கிளைச் சரிசெய்து கொடுங்கள். அவன் வயதினர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும். விளையாட்டாக வந்தால்தான் அது நிலைக்கும். சாப்பிடும்போது கைப்பேசி கூடாது என்பது விதியானால், முதலில் ஓரமாக வைக்கப்படும் கைப்பேசி உங்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது, மூட்டுவலி. அவரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: தாராளமாக. கையில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, உட்கார்ந்து எழுவதைப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். தொடைத் தசை வலுப்பட்டால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும். தொடர் பார்க்கும்போது விளம்பரம் வந்தால் நீங்கள் முதலில் எழுந்து செய்யுங்கள், அத்தை பின்தொடர்வார். மூட்டு வீங்கியிருக்கும் நாளில் மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: குடும்பமாகத் தினம் 10,000 அடி என்று போட்டி வைக்கலாமா?

பதில்: அந்த எண்ணுக்கு மருத்துவ அடிப்படை கிடையாது. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது அது. போட்டி வைத்தால் கடைசியாக வருபவர் இரண்டாம் வாரத்தில் விலகிவிடுவார். அவருக்காகத்தானே இந்த முயற்சியெல்லாம்.

கேள்வி: நான் நடப்பதைப் பார்த்து என் கணவருக்கும் ஆசை வந்துவிட்டது. 49 வயது, சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். நாளையே ஓடப் போகிறேன் என்கிறார். விடலாமா?

பதில்: மகிழ்ச்சி, ஆனால் நாளையே ஓட விடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் இரத்த அழுத்தமும் இ.சி.ஜி.யும் பார்த்து, ஓடத் தொடங்கவிருப்பதைச் சொல்லி, மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். சில மாத்திரைகளோடு வெறும் வயிற்றில் கடுமையாக உழைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கை நடுங்கி, வியர்த்து, தலை சுற்றும். சட்டைப் பையில் நான்கு குளுக்கோஸ் மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ இடக் கைக்கோ பரவும் வலியோ வந்தால் அங்கேயே நின்று, உடனே 108ஐ அழைக்க வேண்டும். வீடு திரும்பியதும் பாதங்களில் கொப்புளம் உண்டா என்று தினம் பாருங்கள்.

மருத்துவர் சம்மதித்தபின், முதல் மூன்று வாரம் நடை மட்டும் போதும். ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் 2023 நவம்பர் முதல் தமிழக மாவட்டங்களில் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அமைத்திருக்கிறார்கள். அருகில் இருந்தால் முதல் ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பி வாருங்கள். இப்போது நீங்கள் அவரைவிட வேகமாக நடப்பீர்கள். அவர் வேகத்துக்கு உங்கள் நடையைக் குறைத்துக்கொண்டு, பேசிக்கொண்டே போங்கள். மூச்சு வாங்காமல் அவரால் பதில் சொல்ல முடிகிறதா என்று மட்டும் கவனித்து வாருங்கள்.