கல்யாணப் பத்திரிகை ஏபிகே: 'டிபக்' செய்தால் பணம் திரும்புமா?

கேள்வி: வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஃபைல்) கைப்பேசியில் நிறுவிவிட்டேன். இன்று காலை பார்த்தால் வங்கிக் கணக்கில் 4,800 ரிங்கிட் காணோம். 900 ரிங்கிட் கொடுத்தால் அந்தச் செயலியை 'டிபக்' செய்து திருடனைப் பிடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: ஒரு சென் கூடக் கொடுக்காதீர்கள். கைப்பேசியை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, வேறு போனிலிருந்து உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் (என்எஸ்ஆர்சி) 997 எண்ணுக்கு அழையுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் மறிக்க அதுதான் வழி. வங்கிக் கடவுச்சொல்லையும் அந்த வேறு போனிலேயே மாற்றுங்கள். அப்புறம் போலீஸ் புகார்.

இனி அந்த 'டிபக்', அதாவது செயலியைப் பிரித்து அது என்ன செய்கிறது என்று பார்ப்பது. இத்தகைய ஃபைலைப் பிரித்துப் படிக்கும் ஜேட்எக்ஸ் மென்பொருள் இலவசம். அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ 2019-இல் வெளியிட்ட கீட்ராவும் இலவசம்தான். 'கருவிக்கே செலவாகும்' என்றால் அது கதை. திறந்ததும் முதலில் அனுமதிப் பட்டியல் தெரியும். கல்யாணப் பத்திரிகைக்கு உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் அனுமதி எதற்கு? இன்னும் உள்ளே போனால், வரும் ஓடிபியை டெலிகிராமில் தானாக இயங்கும் ஒரு 'பாட்' கணக்குக்கு அனுப்பும் வரிகள் பெரும்பாலும் அகப்படும். அவ்வளவுதான். அந்தக் கணக்கின் பின்னால் இருக்கும் ஆளின் பெயர் அந்த ஃபைலில் இருக்காது. செயலியை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் 'டிபக்கர்' கருவியில் ஒவ்வொரு அடியாக ஓட்டிப் பார்த்தாலும் இதே கதைதான். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் சில செயலிகள் சும்மா இருந்துவிடும்.

ஆய்வு செய்ய ஃபைல் மட்டும் போதும். வங்கிக் கடவுச்சொல்லோ, தொலைவிலிருந்து உங்கள் போனை இயக்கும் அனுமதியோ கேட்பவர் இரண்டாவது திருடர்.

பிரித்துப் பார்ப்பதால் பறிபோனது திரும்பும் இடம் ஒன்று உண்டு. கடைக் கணினியில் ஃபைல்களைப் பூட்டிக் காசு கேட்கும் ரான்சம்வேர் விழுந்து, அதை எழுதியவன் பூட்டு வேலையில் கோட்டை விட்டிருந்தால், நிரலைப் படித்தே சாவி செய்துவிடுவார்கள். அப்படிச் செய்த சாவிகள் 'நோ மோர் ரான்சம்' தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அதையே இறக்கிக் கொடுத்துவிட்டு ஆயிரக்கணக்கில் கறப்பவர்கள் இருக்கிறார்கள். பூட்டு ஒழுங்காக இருந்தால் எந்த நிபுணராலும் ஆகாது. 2017-இல் வானாக்ரை என்ற ரான்சம்வேர் பரவுவதை அதற்குள் இருந்த ஓர் இணைய முகவரியை வைத்தே நிறுத்தினார்கள். ஏற்கெனவே பூட்டிய ஃபைல்கள் அதனால் திறக்கவில்லை.

புகார் கொடுக்கப் போனால் ஸ்கிரீன்ஷாட்டை அச்சடித்துக் கேட்பார்கள். ஃபைலைக் கேட்கிறவரை நான் அபூர்வமாகவே பார்க்கிறேன். நீங்களே ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்து, கொடுத்ததைப் புகாரில் எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியை ஃபேக்டரி ரீசெட் செய்வது அதற்குப் பிறகுதான்.