68 டன் அர்ஜுனும் 25 டன் ஜொராவரும்

வணக்கம் ஐயா,

2020 கல்வான் மோதலுக்குப் பிறகு தரைப்படையின் கவனம் சீன எல்லைக்குத் திரும்பிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் 2021 செப்டம்பரில், 68 டன் எடையுள்ள அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகள் 118 வேண்டுமென்று எங்கள் ஊர்த் தொழிற்சாலைக்கு ஏன் ஆர்டர் கொடுத்தார்கள்? லடாக்கில் அதை எங்கே ஓட்டுவது?

ஒரு வாசகர், ஆவடி

அன்புள்ள நண்பருக்கு,

அர்ஜுன் லடாக்குக்கானது அல்ல, ராஜஸ்தான் பாலைவனத்துக்கானது. சீனா முன்னுக்கு வந்ததால் பாகிஸ்தான் எல்லையை யாரும் காலி செய்துவிடவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் கோப்பின் வேகம். தேவையை எழுத வேண்டும், அதைக் கொள்முதல் குழு ஏற்க வேண்டும், விலைப்புள்ளி, களச் சோதனை, பேரம், கடைசியில் அமைச்சரவைக் குழு. இதற்குள் பத்தாண்டு ஓடிவிடுவது சாதாரணம். செய்தித்தாளில் 'ஒப்புதல்' என்று வருவது பெரும்பாலும் இரண்டாம் படிதான். அன்றைக்கு ஒரு ரூபாய்கூடக் கைமாறாது. 2021-இல் கையெழுத்தான அர்ஜுன், கல்வானை யாரும் நினைத்தே பார்க்காத காலத்தில் எழுதிய தேவை.

பணமும் முன்பே பேசி முடித்ததுதான். 2018-இல் தரைப்படைத் துணைத் தளபதி நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் ஒரு கணக்குச் சொன்னார்: நவீனமயத்துக்கு ஒதுக்கியது 21,338 கோடி ரூபாய், நடப்பிலுள்ள 125 திட்டங்களுக்குக் கட்டியாக வேண்டிய தொகையே 29,033 கோடி. புதிய வியூகத்துக்கு இதில் மிச்சம் எங்கே? சீன எல்லைக்கென்று 2013-இல் அமைச்சரவை ஒப்புக்கொண்ட மலைத் தாக்குதல் கோர் என்ற பெரும் படைப்பிரிவு முழு உருப்பெறாமல் நின்றதற்குப் பணமே முக்கியக் காரணம்.

அதனால் நெருக்கடி வந்ததும் முதலில் மாறுவது சில்லறைச் சாமான்கள். 2020-இல் குளிர் உடைகளை அமெரிக்காவிடமிருந்து அவசரமாக வாங்கினார்கள். ஒரு கொள்முதலுக்கு 300 கோடி வரை நேரடியாகச் செலவிடப் படைகளுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். கடுங்குளிரில் சாதாரண டீசலில் உள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துக்கொள்ளும், வண்டி கிளம்பாது. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசல் 2019-இலேயே வந்திருந்தது நல்லதாயிற்று.

அடுத்தது, கையில் இருப்பதை மலைக்கு ஏற்றுவது. 2017-இல் பாலைவனத்துக்கென்று வாங்கிய 100 கே-9 வஜ்ரா பீரங்கிகளில் (டாங்கி போலத் தானே ஓடுபவை) சில 2021-இல் லடாக் போயின. பேட்டரி, எண்ணெய், கிரீஸ் எல்லாம் குளிருக்கு ஏற்றதாக மாற வேண்டியிருந்தது. அங்கே தேறியதால் 2024 டிசம்பரில் இன்னும் 100-க்கு 7,629 கோடியில் ஒப்பந்தம் போட்டார்கள். தெரிந்த பீரங்கி, அதை ஏற்கெனவே செய்து பழகிய குஜராத்தின் ஹசிரா ஆலை. முதலிலிருந்து தேட வேண்டியிருக்கவில்லை.

புதிதாக ஒன்றைச் செய்வதுதான் நீளம். 2020 ஆகஸ்ட் இறுதியில் 46 டன் டி-90 டாங்கிகூட லடாக்கின் ரெசாங் லா கணவாய்ப் பக்கம் ஏறியது உண்மை. ஆனால் காற்று மெலிந்த உயரத்தில் எஞ்சின் திணறும், பாலங்களும் தாங்க வேண்டும். எனவே மலைக்கென்று புதிதாகச் செய்த ஜொராவர் என்ற இலகு டாங்கிக்கு 25 டன் என்று வரம்பு கட்டினார்கள். அந்த ஒரு எண் மற்றதையெல்லாம் தீர்மானித்துவிட்டது: டி-90-இல் உள்ள 125 மி.மீ. பீரங்கிக் குழலுக்குப் பதில் 105 மி.மீ., கவசமும் மெல்லியது. எதிர்பார்த்த ஜெர்மன் எஞ்சின் தாமதமாக, அமெரிக்க கம்மின்ஸுக்கு மாறினார்கள். எஞ்சினை மாற்றுவது என்றால் குளிரூட்டல், பொருத்துமிடம், எடைச்சமன் எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டும். இருந்தும் 2024 ஜூலையில் வண்டியைக் காட்டினார்கள். டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலே நின்று சுட்டது. வடிவமைத்ததில் உங்கள் ஆவடியில் உள்ள, அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு. ஆனால் அவையெல்லாம் செய்தவர்கள் நடத்திய சோதனைகள். படை தன் கையில் வாங்கி ஓட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.