பழைய வேகக் கார்கள்: விற்பதும் என்ஜின் ஏற்றுவதும் – கேள்வி பதில்

கோவையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பட்டறை நடத்துகிறேன். ஹோண்டா சிட்டி வீடெக், மிட்சுபிஷி லான்சர், சீடியா, ஃபியட் பாலியோ 1.6, ஃபோர்டு ஐகான் 1.6, ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இவைதான் என்னிடம் அதிகம் வரும் வண்டிகள். இவற்றை விற்பது பற்றியும் என்ஜின் வேலை பற்றியும் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்வி கேட்கும்போது வருடம், ஓடிய கிலோமீட்டர், கடைசியாக என்ஜின் எப்போது திறந்தது என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள்.

சேலம்: அண்ணா, 2002 சிட்டி 1.5 வீடெக், 1,70,000 கி.மீ. என்ஜின் இதுவரை திறக்கவில்லை. பழைய இழுவை இல்லை. ஹெடர், கோன் ஃபில்டர், சிப் மூன்றுக்கும் சேர்த்து 60,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் கேஜில் ஆரம்பியுங்கள் தம்பி. அந்த என்ஜின் புதிதாக வந்தபோது 106 குதிரைசக்தி. இப்போது அதில் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் மேலே எதைப் போட்டாலும் காசு வீண். நல்ல என்ஜினில் ஒரு ஹெடர், அதாவது புகை தடையில்லாமல் வெளியேற வைக்கும் குழாய், கொடுப்பது சில குதிரைகள்தான். தேய்ந்த என்ஜின் அதைவிட அதிகமாக ஏற்கெனவே இழந்திருக்கும்.

சோதிக்கும் முறை இதுதான். என்ஜின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷன் இணைப்பையும் எடுத்துவிட்டு நாலு பிளக்கையும் கழற்றுங்கள். ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுசாக அழுத்திப் பிடிக்கட்டும். அதை மறந்தால் காற்றே உள்ளே போகாது, எல்லா சிலிண்டரும் மோசம் என்று காட்டும். ஒவ்வொன்றிலும் கேஜை மாட்டி ஐந்தாறு சுற்று கிராங்க் செய்து எழுதிக்கொள்ளுங்கள். இந்த மாதிரி என்ஜினில் 170, 180 பி.எஸ்.ஐ. வந்தால் சந்தோஷப்படலாம். நாலும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருப்பது அதைவிட முக்கியம்.

ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ரீடிங் ஏறினால் ரிங்ஸ் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை.

அப்புறம் வீடெக் சாலினாய்டு, அதாவது ஆர்.பி.எம். ஏறும்போது ஆயிலை விட்டு வால்வை அதிகமாகத் திறக்க வைக்கும் மின் வால்வு. பொள்ளாச்சியிலிருந்து வந்த ஒரு சிட்டி, பாதி ஆர்.பி.எம்.-க்கு மேல் உயிரே இல்லை என்றார் வண்டிக்காரர். சாலினாய்டைக் கழற்றினோம். அதன் கேஸ்கெட்டிலேயே ஒரு சின்னச் சல்லடை இருக்கும். அது முழுக்கக் கருப்புக் களி, நகத்தால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. ஆயில் அழுத்தம் போகாததால் வீடெக் வேலையே செய்யவில்லை. கேஸ்கெட், ஆயில், ஃபில்டர் மாற்றி, டேப்பெட் கிளியரன்ஸ் வைத்து அனுப்பினேன். ஹெடர் வாங்க வந்தவர் அதை வாங்காமலே போனார்.

ரீடிங் எடுத்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.

திருச்சி: சார், என் ஐகான் 1.6-இல் 16 இஞ்ச் அலாய், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், கோன் ஃபில்டர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் செலவு செய்திருக்கிறேன். விலையில் அதை எப்படிச் சேர்ப்பது?

சேர்க்க முடியாது. வாங்க வருபவருக்கு உங்கள் ரசனை வேண்டியதில்லை. பழைய பாகங்கள் பத்திரமாக இருந்தால் எல்லாவற்றையும் கழற்றி வண்டியை கம்பெனியில் வந்தபடி ஆக்குங்கள். அலாயையும் எக்ஸாஸ்டையும் தனியாக விற்றால் கொஞ்சம் காசு தேறும். இந்த வயது வண்டிக்கு இப்போது நல்ல விலை தருபவர்கள், கைபடாத வண்டியைத் தேடி அலைபவர்கள்தான். அவர்கள் முதலில் கேட்பது சர்வீஸ் பில்.

வண்டியில் இருந்து கழற்றிய ஒரிஜினல் பாகம் எதையும் எடைக்குப் போடாதீர்கள். ஏர் பாக்ஸ், ஸ்டீல் ரிம், பழைய ஸ்டீரியோ, டூல் கிட் உறை வரைக்கும் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். ஐகான் மறைமலை நகரில் செய்த வண்டி, ஆனாலும் அதன் ஏர் பாக்ஸ் ஒன்றுக்காகச் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் இரண்டு நாள் சுற்றியிருக்கிறேன்.

சென்னை: சார், உறவினர் ஒருவரின் சான் ஸ்டார்ம் பத்து வருடமாக ஷெட்டில் நிற்கிறது. விற்றால் என்ன கிடைக்கும்? வேறு பெரிய என்ஜின் போட்டு விற்கலாமா?

இந்தக் கேள்வி வந்ததில் எனக்குச் சந்தோஷம். கோவாவில் செய்த இரண்டு சீட்டு வண்டி, ஃபைபர் பாடி, ரெனோ 1.2 லிட்டர் என்ஜின், 60 குதிரைசக்தி. நம் நாட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லி விற்ற வண்டிகள் மிகக் கொஞ்சம், அதில் இது ஒன்று. தயவுசெய்து என்ஜினை மாற்றாதீர்கள். வாங்குபவர் அந்த அரிதான தன்மைக்குத்தான் காசு கொடுப்பார்.

ஃபைபர் துருப்பிடிக்காது என்று நம்பி வெளியே மட்டும் பார்க்காதீர்கள். அடியில் இருப்பது இரும்பு. லிஃப்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் மாட்டும் இடங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பெட்ரோல் டேங்கைக் கழுவாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, குளிர்ந்த என்ஜின் முதல் சாவியில் கிளம்புவதை வீடியோ எடுத்துப் போடுங்கள். விலை இவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது, இதற்குச் சந்தை ரேட் என்று ஒன்று கிடையாது. பொறுமையாக இருந்தால் தேடி வருவார்கள்.

தஞ்சாவூர்: 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் பிக்கப் ஏறுமா?

சாதாரணப் பெட்ரோலில் என்ஜின் தட்டாமல் ஓடுகிறது என்றால் ஏறாது. ஆக்டேன் என்பது தட்டுவதை, அதாவது பெட்ரோல் நேரம் தவறி வெடிப்பதை, தாங்கும் அளவு.

மதுரை: அண்ணே, 2007 சீடியா, 1,10,000 கி.மீ., என்ஜின் திறக்கவில்லை. சீடியாவும் எவோவும் ஒரே பாடி. எவோ என்ஜினை அப்படியே இறக்கிவிடலாம் என்கிறார்கள். என்ன செலவு ஆகும்?

இதை அரைகுறையாகச் சொன்னால் யாராவது காசைத் தொலைப்பார்கள், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

மிட்சுபிஷியின் டர்போ வேக வண்டியான எவோவின் 7, 8, 9 மூன்றும் சீடியாவின் பிளாட்ஃபார்மில் வந்தவை என்பது உண்மை. ஆனால் திருவள்ளூரில் செய்த உங்கள் சீடியா முன்சக்கர வண்டி, 2 லிட்டர், டர்போ இல்லை, சுமார் 115 குதிரைசக்தி. எவோ 280, நாலு சக்கரத்துக்கும் இழுவை. என்ஜினை மட்டும் வைத்தால் என்ன ஆகும்? உங்கள் கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்டும் அந்த டார்க்கைத் தாங்காது. கியர்பாக்ஸையும் மாற்றினால் பின்பக்க டிஃபரன்ஷியல், அதற்கான சப்ஃப்ரேம், ஷாஃப்ட் போக அடித்தளத்தில் வழி எல்லாம் வேண்டும். அப்புறம் ரேடியேட்டர், இன்டர்கூலர், பெட்ரோல் பம்ப், வயரிங், பிரேக். கடைசியில் பழைய சீடியாவில் கதவும் கண்ணாடியும்தான் மிச்சம்.

இருக்கிற என்ஜினிலேயே டர்போ வைக்கலாமே என்பீர்கள். டர்போ இல்லாமல் ஓடுவதற்கென்று கம்ப்ரஷன் வைத்த என்ஜின் அது. டர்போவால் காற்றை அழுத்தி பூஸ்ட் கொடுத்தால் நம் ஊர் சாதாரணப் பெட்ரோலில் தட்ட ஆரம்பிக்கும். தட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு உடையும். அப்படி உடைந்த பிஸ்டன் ஒன்று என் மேஜை மேல் இருக்கிறது, வருபவர்களிடம் எடுத்துக் காட்டுவேன்.

மதுரை: மலேசியாவில் எல்லாரும் செய்கிறார்களே அண்ணே. அங்கே ஓடுகிறது, இங்கே மட்டும் ஓடாதா?

ஈப்போ, மலேசியா: குறுக்கே பேசுவதற்கு மன்னியுங்கள். இங்கே ஹாஃப் கட் என்று ஜப்பானிலிருந்து காரின் முன்பாதி அப்படியே வரும். என்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே வண்டியுடையது. ப்ரோட்டான் வீராவில் மிட்சுபிஷி டர்போ வைப்பது ரொம்ப நாளாக நடக்கிறது. ஆனால் வண்டிச் சோதனை செய்யும் புஸ்பாகோமில் சோதனை முடித்து, சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.-யில் பதிந்தால்தான் சட்டப்படி ஓட்ட முடியும்.

நன்றி தம்பி, எனக்கு வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அங்கே பாகம் மொத்தமாகக் கிடைக்கிறது, பதிவு செய்ய வழியும் இருக்கிறது. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு இருக்கிறது. என்ஜின் கெட்டுப்போனால் அதே கம்பெனி, அதே வகை என்ஜினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றலாம். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை இரண்டும்.

மதுரை: யார் அண்ணே பானெட்டைத் திறந்து பார்க்கிறார்கள்? வீட்டுக்கு வீடு எக்ஸாஸ்ட் மாற்றித்தான் ஓட்டுகிறார்கள்.

விபத்து நடந்த அன்றைக்கு இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்ப்பார். விற்கிற அன்றைக்கு வாங்குபவர் ஆர்.சி.-யில் இருக்கும் என்ஜின் நம்பரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நம்பர் பொருந்தாத வண்டி பிரிப்பு விலைக்குத்தான் போகும்.

ஈரோடு: அப்படியானால் நம் ஊரில் யாருமே என்ஜின் வேலை கற்றுக்கொள்ள முடியாதே சார்? கோவையில் ரேஸ் கார் செய்தவர்கள் எல்லாம் இப்படிப் பயந்திருந்தால்?

நியாயமான கேள்வி. கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை சீட்டு ரேஸ் கார் செய்த ஊர் இது. அந்த வண்டிகள் டிராக்கில் ஓடியவை. நீங்களும் செய்யுங்கள்: பழைய மாருதி எஸ்டீம் ஒன்றை வாங்குங்கள், டிராக்குக்கு மட்டும் என்று முடிவு செய்து என்ஜினைப் பிரித்துக் கட்டுங்கள். லாரியில் ஏற்றி செட்டிபாளையம் ரேஸ் டிராக்குக்கோ இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ கொண்டுபோய் ஓட்டுங்கள். முதல் தடவை சூடேறி நிற்கும், இரண்டாவது தடவை பிரேக் மங்கும், ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்வீர்கள். அப்படி வரும் பையன்களுக்கு என் பட்டறையில் எப்போதும் ஒரு ஸ்டாண்ட் காலியாக இருக்கும். அவிநாசி ரோட்டில் குடும்பத்தோடு போகும் வண்டியில் அந்தப் பரிசோதனை வேண்டாம்.

மதுரைத் தம்பிக்கு: புது என்ஜின் மவுன்ட், நல்ல டயர், நல்ல பிரேக் பேட், ஹெட்டை இறக்கி வால்வு வேலை, புது டைமிங் பெல்ட். இவ்வளவு செய்து மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறிப் பாருங்கள். அப்புறமும் எவோ வேண்டுமென்றால் எழுதுங்கள், திரும்பவும் பேசுவோம்.

கரூர்: கோன் ஃபில்டர் போட்டால் எவ்வளவு குதிரைசக்தி கூடும்?

சத்தம் கூடும். பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுப்பதால் மதிய வெயிலில் இழுவை குறையும். ஒரிஜினல் ஏர் பாக்ஸை எடைக்குப் போடாதீர்கள்.

புதுச்சேரி: ஆக்டேவியா ஆர்.எஸ்., 1.8 டர்போ, 2005, 1,40,000 கி.மீ., என்ஜின் திறந்ததில்லை. ரீமேப் செய்யலாமா?

ரீமேப் என்பது என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றுவது. என்னிடம் வரும் வண்டிகளில் அதற்கு உண்மையான பலன் தருவது இதுதான். இங்கே வந்தபோது 150 குதிரை, டர்போ என்ஜின் என்பதால் மென்பொருளிலேயே ஏற்ற இடம் இருக்கிறது. ஆனால் முதலில் ஆயில் சம்ப்பை இறக்கிப் பிக்கப் சல்லடையைப் பாருங்கள். இந்த என்ஜினில் ஆயில் கெட்டியாகிச் சல்லடை அடைபடும், டர்போவுக்கு ஆயில் போகாது. பிறகு வேக்குவம் ஹோஸ், டைவர்ட்டர் வால்வு, இக்னிஷன் காயில். பூஸ்ட் கசியும் வண்டிக்கு ரீமேப் செய்தால் கசிவுதான் பெரிதாகும். விற்கப்போகிறீர்கள் என்றால் ரீமேப் செய்யாதீர்கள்.

தூத்துக்குடி: அண்ணாச்சி, என் லான்சரை ரெண்டு வருஷம் முன்னால புரோக்கரிடம் கொடுத்தேன். இப்போ யாரோ பெங்களூரில் ஓட்டுறாங்க, அபராதம் எனக்கு வருது. பேர் மாற்றவே இல்லை போல.

உடனே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள். விற்ற தேதிக்கான ஆதாரம், புரோக்கர் கொடுத்த சீட்டு, பணம் வந்த பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு எழுத்தில் கொடுங்கள். போலீசிலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி யார் மேலாவது மோதி, இன்ஷூரன்ஸும் இல்லாவிட்டால், ஆர்.சி.-யில் பெயர் இருப்பவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மற்றவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். படிவம் 29, 30 இரண்டையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கி நீங்களே ஆர்.டி.ஓ.-வில் கொடுங்கள். அதே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சாவி கொடுக்கும் நேரத்தைக்கூட டெலிவரி நோட்டில் எழுதுங்கள்.

வேலூர்: 15 வருடம் தாண்டிய வண்டி, ஆர்.சி. ரினியூவல் செய்யாமல் விற்கலாமா?

செய்துவிட்டு விற்பதே நல்லது. கார்களுக்கு ரினியூவல் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டியதற்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். முடிக்காத வண்டிக்கு வாங்குபவர் அந்தக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கை விலையில் குறைத்துக் கேட்பார். அப்புறம் பெயர் மாற்றம், மறக்க வேண்டாம்.

கடலூர்: 100 ஆக்டேன் பெட்ரோல் சிட்டிக்கு நல்லதா?

மேலே தஞ்சாவூருக்குச் சொன்ன பதில்.

நாகர்கோவில்: ஸ்கார்ப்பியோ டீசலில் டர்போ மாற்றுவது பற்றி...

டீசல் என் வேலை இல்லை. உங்கள் ஊரிலேயே பம்ப் லைன் பார்க்கும் நல்ல ஆளிடம் கேளுங்கள்.

காரைக்குடி: 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2003 பாலியோ 1.6-ஐக் கெடுத்துவிடுமா? வண்டி 90,000 கி.மீ.

அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்ததல்ல. டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை பெட்ரோல் ஹோஸ், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் புது ரப்பராக மாற்றுங்கள். வெடித்த ஹோஸ் சூடான எக்ஸாஸ்ட் மேல் சொட்டினால் வண்டியே போய்விடும். மாதக்கணக்கில் நிறுத்தும்போது டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். பாலியோ 1.6 என்பதால் இன்னொன்று: டைமிங் பெல்ட் மாற்றும்போது கேமைப் பூட்டும் டூல் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். அடையாளம் போட்டுக் கழற்றிவிடலாம் என்று சொல்பவரிடமிருந்து வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடுங்கள்.

சேலம்: அண்ணா, கேஜ் வாங்கிப் பார்த்துவிட்டேன். வரிசையாக 174, 171, 118, 115. ஆயில் விட்டும் ஏறவில்லை. இப்போது ஹெடர் போடலாமா?

பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் 3, 4 இரண்டும் ஒரே அளவில் குறைந்திருக்கின்றன. ஆயில் விட்டும் ஏறவில்லை. ஹெட் கேஸ்கெட் அந்த இரண்டுக்கும் நடுவில் போயிருக்க வாய்ப்பு அதிகம். ரேடியேட்டர் தண்ணீர் குறைகிறதா, ஆயில் மூடியில் பால் மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். அதுவரை வண்டியை ஓட்டாதீர்கள், சூடேறினால் ஹெட் வளைந்துவிடும். ஹெட்டை இறக்கியதும் லேத்தில் மட்டம் பார்க்கச் சொல்லுங்கள். வால்வு எட்டு எட்டாகப் பதினாறையும் கழற்றிச் சோதிக்கட்டும், சாலினாய்டு சல்லடையையும் அப்போதே பார்க்கட்டும். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் புதிதாகப் போடுங்கள். உங்கள் 60,000 ரூபாயில் ஹெடரையும் சிப்பையும் அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். ஹெட்டை இறக்கியதும் கேஸ்கெட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்த இடத்தில் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.