மில் பென்ஷனுக்கும் விரல் போனதற்கான பணத்துக்கும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 56 வயது. பல்லடம் பக்கம் நூல் மில்லில் வேலை. போன வருடம் மெஷினில் கை மாட்டி ஒரு கையில் இரண்டு விரல் போய்விட்டது. பிஎஃப் பென்ஷன், இஎஸ்ஐ பணம் இரண்டையும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வருகிற பணத்தில் 20 சதவீதம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அதற்காக, யார் துணையும் இல்லாமல் நீங்களே செய்துவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன். விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர்களைப் படித்துச் சொல்ல வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டில் எட்டு வருடம் ஆனது.

என் அப்பாவும் மில்காரர்தான், சூலூர் பக்கம். 2011-இல் ஒரு முழு நைட் ஷிப்டில், கார்டிங் மெஷினில் சிக்கிய பஞ்சை எடுக்கப் போய் வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. இஎஸ்ஐ-யில் வைத்தியம் பார்த்தார்கள். வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பணமும் வந்தது. காயம் ஆறியதும் அப்பா மறுபடி ஷிப்டுக்குப் போய்விட்டார். அத்தோடு முடிந்தது என்றே நினைத்துக்கொண்டோம். எத்தனை சதவீதம் ஊனம் என்று முடிவு செய்யும் இஎஸ்ஐ டாக்டர்கள் குழு, அதாவது மெடிக்கல் போர்டு என்று ஒன்று இருப்பதை மில்லிலும் யாரும் சொல்லவில்லை, வெளியிலும் யாரும் சொல்லவில்லை.

2019-இல் அப்பாவுக்கு 58 ஆனது. பென்ஷனுக்காக டவுனில் ஓர் ஆன்லைன் சென்டரில் 3,000 ரூபாய் கொடுத்தோம். அவர் அப்பாவின் போனுக்கு வந்த ஓடிபியை வாங்கி ஏதோ அனுப்பினார். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. அப்படியே மறுபடி அனுப்பினார், மறுபடியும் திரும்பியது. அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். எந்தப் படிவத்தை அனுப்பினார் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று மாதமும் அப்பா யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

பெரியப்பா சொல்லித்தான் ஒரு பெரியவரிடம் போனோம். மில் தொழிற்சங்க ஆபீஸில் முப்பது வருடம் மனு எழுதியவர். வீட்டில் இருந்த காகிதம் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போயிருந்தோம். அவர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பையைக் கயிற்றுக் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து பிஎஃப், இஎஸ்ஐ, மாநில அரசு உதவி என்று மூன்று குவியலாக வைத்தார். பழைய ரேஷன் கார்டு இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் நாலாக மடித்த, பழுப்பேறிய ஒரு தாள் இருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதைய ஆருகிட்டயும் குடுத்தறலயே கண்ணு?" என்றார்.

அது ஸ்கீம் சர்டிபிகேட். அப்பா 1997 முதல் 2004 வரை இன்னொரு மில்லில் இருந்தார். அந்த மில் மூடியபோது பிஎஃப் பணத்தை எடுத்துக்கொண்டார், பென்ஷன் பங்கை மட்டும் எடுக்கவில்லை. அந்த ஏழு வருடத்துக்கான அத்தாட்சிதான் அந்தத் தாள். 2014 ஆகஸ்ட் வரையிலான சர்வீஸுக்கு, பென்ஷன் கணக்கில் எடுக்கும் உச்சவரம்புச் சம்பளம் 6,500 ரூபாய். அதைச் சர்வீஸ் வருடமான 7-ஆல் பெருக்கி, பென்ஷன் விதிப்படி 70-ஆல் வகுத்தால் 650. அதாவது மாதம் 650 ரூபாய், ஆயுள் முழுக்க. அதற்கு மேலும் ஒன்று இருந்தது. இரண்டாவது மில்லின் 15 வருடத்தோடு இந்த 7-ஐயும் சேர்த்தால் 22. சர்வீஸ் 20 வருடத்தைத் தொட்டால் கணக்கில் இன்னும் 2 வருடம் போனஸாகச் சேரும். ஆன்லைன் சென்டர்காரர் இந்தத் தாளைக் கேட்கவே இல்லை. கேட்கத் தெரிந்திருந்தால்தானே கேட்பார்!

உங்கள் அப்பாவுக்கும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். எத்தனை மில் மாறினார், ஒவ்வொன்றிலும் பிஎஃப் நம்பர் என்ன, வெளியே வரும்போது 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டாரா என்று உட்கார்ந்து கேளுங்கள். எத்தனை மில் மாறினாலும் ஒரே பிஎஃப் நம்பராக இருக்கும் யூஏஎன் வந்ததே 2014-இல்தான். அதற்கு முந்தைய நம்பர்கள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி இருக்காதீர்கள். மொத்தம் 10 வருடச் சர்வீஸ் இருந்தால் 58 வயதில் 10டி படிவம் போட்டுப் பென்ஷன் வாங்கலாம். வேலையை விட்டிருந்தால் 50 வயதிலிருந்தே கேட்க முடியும், ஆனால் 58-க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு விழும். 56-இல் வாங்கினால் 8 சதவீதம் குறையும், அந்த வெட்டு 58 ஆனாலும் நீங்காது. சீக்கிரம் பணம் வந்தால்தான் ஏஜென்ட்டுக்குக் கமிஷன், அதனால் இப்போதே போடச் சொல்லுவார். வீட்டில் சமாளிக்க முடிந்தால் இரண்டு வருடம் பொறுங்கள்.

பெயர் விஷயம் எங்களுக்கு ரொம்பச் சின்னதாக முடிந்தது. மில் பதிவேட்டில் வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் பள்ளிக்கூடப் பெயர். அப்பாவும் மில்லும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழியில் சரியாகிவிட்டது. உங்கள் அப்பா இன்னும் வேலையில் இருக்கும்போதே பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி மூன்றையும் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். மில் மூடிய பிறகு அந்த ஒரு கையெழுத்துக்காக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது குவியல் இஎஸ்ஐ. உங்களுக்கு இதுதான் அவசரம். தமிழ்நாட்டில் இஎஸ்ஐ திட்டம் 1955-இல் முதலில் வந்ததே கோயமுத்தூரில்தான். அப்படியிருந்தும், வேலையில் உறுப்பு போனால் ஆயுள் முழுக்க மாதப் பணம் உண்டு என்பது நம் ஊரில் இத்தனை பேருக்குத் தெரியாமல் இருப்பது எனக்குத் தாங்கவில்லை. சட்டத்தின் அட்டவணையில் விரலுக்கு விரல் சதவீதம் எழுதியிருக்கிறது. ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, கட்டைவிரலுக்கு 30, ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20. தினச் சம்பளத்தில் 90 சதவீதத்தை எடுத்து, அதில் இந்தச் சதவீதத்தைப் போடுவார்கள். தினம் 500 ரூபாய் என்றால் 450, அதில் 20 சதவீதம் 90 ரூபாய். மாதத்துக்கு 2,700. வேலைக்குப் போய்க்கொண்டே இதை வாங்கலாம், பிஎஃப் பென்ஷன் வந்தாலும் இது நிற்காது.

இதற்கு மில் அனுப்பிய விபத்து அறிக்கைதான் ஆணிவேர். அது போயிருக்கிறதா என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் வேலையின்போது அடிபட்டது என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி எழுத்தில் மனு கொடுங்கள். நாங்கள் எட்டு வருடம் கழித்து, தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுத்துத்தான் போக முடிந்தது. நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். போர்டு கொடுத்த சதவீதம் குறைவு என்று பட்டால் மேல்முறையீடு உண்டு.

போர்டு அன்று அப்பா கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எட்டு வருடப் பழக்கம் அது, கல்யாண வீட்டிலும் அப்படித்தான். டாக்டர் பேனாவைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார், முஷ்டி மடக்கச் சொன்னார். அப்பா நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் பேனாவைச் செருகிக் கையெழுத்துப் போட்டுக் காட்டினார். 11 சதவீதம் என்று எழுதினார்கள். வெளியே வந்து, "அப்பவே கேட்டிருக்கோணும்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது குவியல் மாநில அரசின் மாற்றுத்திறனாளி அட்டையும் உதவித்தொகையும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். இஎஸ்ஐ சதவீதம் வேறு, இந்த அட்டையின் சதவீதம் வேறு. இஎஸ்ஐ-யில் 11 சதவீதத்துக்கும் பணம் உண்டு. மாநில உதவித்தொகைக்கு 40 சதவீதமாவது ஊனம் என்று டாக்டர் சான்று வேண்டும். இரண்டு விரலுக்கு அவ்வளவு வருவது கஷ்டம். அதை நம்பி யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். பிஎஃப் திட்டத்திலேயே ஊன பென்ஷன் என்று ஒன்று உண்டு, அதற்கு 10 வருடச் சர்வீஸ்கூடத் தேவையில்லை. ஆனால் இனி வேலையே செய்ய முடியாத அளவு நிரந்தர முழு ஊனத்துக்குத்தான் அது.

சரி, யாரிடம் போவது? அப்பாவின் மில்லில் சங்கம் இருந்தால் முதலில் அங்கே. இல்லாவிட்டால் பக்கத்து ஊர்ச் சங்க ஆபீஸில் கேளுங்கள், விரட்ட மாட்டார்கள். பிஎஃப் அலுவலகம் மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் குறைகேட்பு முகாம் நடத்துகிறது, அன்று விடுமுறை என்றால் அடுத்த வேலை நாள். அதிகாரி நேரில் உட்கார்ந்து கேட்பார். அங்கேயும் அசையவில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

மனு எழுதிக் கொடுக்க, ஆன்லைனில் ஏற்ற, இவ்வளவு என்று முன்பே பேசி ஒரு கூலி கொடுப்பதில் தப்பில்லை. அது அவர்களின் உழைப்பு. பங்கு கேட்பவருக்கும், ஓடிபி கேட்பவருக்கும், அசல் பேப்பர்களை வைத்துவிட்டுப் போங்கள் என்பவருக்கும் கொடுக்காதீர்கள். அனுப்பிய படிவத்தின் நகலும் ஒப்புகைச் சீட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். முடியாது என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பெரியவர் எங்களிடம் பணம் வாங்கவில்லை. அப்பா தோட்டத்துப் பூவன் ஒரு சீப்பு கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதில் நாலு பழத்தை எடுத்துக்கொண்டு, திண்ணையில் பையோடு காத்திருந்த அடுத்த ஆளுக்கு மீதியைக் கொடுத்துவிட்டு, அவர் பையை வாங்கிக் கட்டிலில் கொட்டினார்.