வயிறும் குடலும்: டிரஸ்ஸரிடம் கேளுங்கள்

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் முப்பது வருஷம் டிரஸ்ஸர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர், வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தத் தடவை வயிறு, குடல் பற்றி மட்டும்.

சாப்பிடும்போது தண்ணி குடிச்சா செரிமான அமிலம் நீர்த்துப் போகுமா ஐயா?

போகாது. இரைப்பை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2 லிட்டர் சாறு சுரக்கிறது. தேவைப்பட்டால் இன்னும் சுரக்கும். தாராளமாகக் குடியுங்கள்.

செம்பனைக் குலை வெட்டுறேன். காலையில வெறும் தே ஓ (பால் இல்லாத தேத்தண்ணி)தான். பத்து மணிக்கு நெஞ்சுக்குக் கீழே எரியுது. கேஸ்ட்ரிக்தானே?

கேஸ்ட்ரிக் என்று நாமே பேர் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மாத்திரை சப்புவதுதான் தப்பு, தம்பி. இரைப்பையின் சளிப்படலத்துக்குள் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியை 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ஷலும் வாரனும் வளர்த்துக் காட்டினார்கள். 2005இல் அதற்கு நோபல் பரிசு. நம் நாட்டில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் இந்தக் கிருமி அதிகம். சோதித்துப் பாருங்கள், இருந்தால் மருந்தில் போகும். முதுகுவலிக்கு வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதீர்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பாப்பாவுக்கு எட்டு மாசம். நேத்திலிருந்து விட்டு விட்டு வீறிட்டு அழுவுறா, காலை மடக்கிக்கிறா, வாந்தி. மாமியார், வயித்துல மாட்டின சாப்பாட்டை ஊதித் தொக்கு எடுக்கணும், மேல ஏறின குடலைத் தட்டி இறக்கணும்னு சொல்றாங்க.

தட்ட விடாதீர்கள் அம்மா. நீங்கள் சொல்வது குடல் செருகலாக இருக்கலாம். சிறுகுடலின் ஒரு துண்டு, டெலஸ்கோப் குழாய் மாதிரி, அடுத்த துண்டுக்குள் நுழைந்துகொள்ளும். குடல் உணவைத் தள்ள அலை அலையாகச் சுருங்கும். ஒவ்வொரு அலையிலும் செருகிய பகுதி இன்னும் உள்ளே போகும், அப்போதுதான் அழுகை. அலை ஓய்ந்தால் அமைதி. உள்ளே மாட்டிய துண்டுக்கு ரத்த ஓட்டம் நெரிபடும். மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வருவது பிந்திய அறிகுறி, அதற்குக் காத்திருக்கக் கூடாது. சீக்கிரம் போனால் ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்கள். ஏழு மாதப் பிள்ளை ஒன்றை இரண்டு நாள் தட்டிவிட்டு என்னிடம் தூக்கி வந்தார்கள். அதற்குள் குடல் செத்திருந்தது, வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

தம்பி, எங்கம்மா நூறு பிள்ளைக்குத் தொக்கு எடுத்தவங்க. ஊதி எடுத்தப்போ சோத்துப் பருக்கை வந்ததை நான் கண்ணால பாத்தேன்.

பார்த்தது பொய்யென்று சொல்லவில்லை அக்கா. ஆனால் வயிற்றுத் தோலில் வாய் வைத்து ஊதினால் பருக்கை வர வழியே இல்லை. தோலுக்கும் இரைப்பைக்கும் நடுவே கொழுப்பு, தசை, சவ்வு எல்லாம் இருக்கிறது. குடித்த பால் சில மணி நேரத்தில் இரைப்பையைத் தாண்டிவிடும். உணவுக்குழாயில் மாட்டியிருந்தால் பிள்ளை எச்சிலைக்கூட விழுங்காது, வடித்துக்கொண்டே இருக்கும்.

அப்போ குடல் ஏறுறதும் பொய்யா? தட்டினதும் என் பேரன் சிரிச்சானே!

குடல் மேலே ஏறி உட்காராது. முதுகுச் சுவரோடு ஒரு சவ்வு அதைப் பிடித்திருக்கிறது. காற்றோ சாதாரண வயிற்றுவலியோ தானே ஓயும்போது பிள்ளை சிரிக்கும். அப்படித் தானே சரியான பத்துப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் பதினோராவதையும் தட்டுகிறோம் அக்கா. உங்கள் அம்மாவின் கையில் அன்பு இருந்தது, அதை நான் மறுக்கவே மாட்டேன். அந்தப் பதினோராவது பிள்ளைக்குத்தான் பயப்படுகிறேன்.

மாசம் ஒரு தடவை விளக்கெண்ணெய் குடிச்சு குடலைக் கழுவலாமா?

வேண்டாம், குடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். பசி நேரத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பெரிய அலை குடலைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகிறது. வயிறு கடமுடவென்று சத்தம் போடுவது அதனால்தான்.

மூலத்துக்கு என்ன களிம்பு?

பார்க்காமல் சொல்ல மாட்டேன். அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

சோறு சாப்பிடும்போது தண்ணி…

முதல் பதிலைப் படியுங்கள். இதையே கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள்.

ஐயா, எட்டு மாசப் பாப்பாவோட அம்மா. இப்போ அழுகை நின்னுடுச்சு, துவண்டு தூங்குறா. காலையில போகவா?

இல்லை அம்மா, இப்போதே கிளம்புங்கள். துவண்டு கிடப்பதும் அந்த நோயின் அறிகுறிதான். பால் கொடுக்காதீர்கள். சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் உடனே சரியென்று சொல்லுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், விழித்திருப்பேன்.