காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்து ஆரம்ப நீதிமன்றம் காணி உரிமையைத் தீர்க்கலாமா?

நிலாவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "1990இல் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து வேலியடைத்துக் குடியிருக்கும் வளவு இது. பக்கத்துக் காணிக்காரர் தன்னிடம் உறுதி இருப்பதாகத் தகராறு செய்தார். பொலிஸார் 66ஆம் பிரிவில் வழக்குத் தாக்கல் செய்தார்கள். ஏழு மாதம் விசாரித்து, உறுதி அவர் பெயரில் இருப்பதால் காணி அவருக்கே என்று கட்டளை வந்திருக்கிறது. இதற்கு மேன்முறையீடு கிடையாதாம். மேல் நீதிமன்றத்தால் ஒன்றும் செய்ய முடியாதா?"

முடியும். ஆனால் சீக்கிரம் போக வேண்டும்.

66ஆம் பிரிவு இலங்கையின் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தில் உள்ளது. காணித் தகராறு கைகலப்பாகிவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். தகராறு பற்றிய தகவல் நீதிமன்றத்தில் தாக்கலான அன்று காணி யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டார்களா என்பதையே நீதிபதி பார்க்க வேண்டும். உரிமையாளர் யார் என்பது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இரு தரப்பின் உடைமைச் சான்றுகளும் (காணி தம் கையில் இருந்ததற்கான சான்றுகள்) சரிசமமாக நின்றால் மட்டும் உறுதியைப் பார்க்கலாம் என்று 1982இல் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் சர்வானந்தா சொன்னார். அதனால் முதலில் வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். நீதிபதி உடைமைச் சான்றுகளை எடைபோட்ட பிறகு உறுதிக்குப் போனாரா, எடுத்த எடுப்பிலேயே உறுதியைப் பிடித்துக்கொண்டாரா? இரண்டாவது என்றால் உங்கள் பக்கம் பலமானது. விசாரணை மூன்று மாதத்தில் முடிய வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் அது தவறியதால் நீதிமன்றத்தின் நியாயாதிக்கம் (வழக்கை விசாரிக்கும் அதிகாரம்) போய்விடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஏழு மாதம் என்பதை வைத்து வாதத்தைக் கட்ட வேண்டாம்.

மேன்முறையீடு இல்லை என்று 74ஆம் பிரிவு சொல்வது சரிதான். ஆனால் அது மீளாய்வை, அதாவது கீழ் நீதிமன்றக் கட்டளையை மேலுள்ள நீதிமன்றம் பரிசீலித்துத் திருத்துவதை, மூடவில்லை. 13ஆவது திருத்தத்தால் வந்த அரசியலமைப்பின் 154P உறுப்புரை, இந்தக் கட்டளைகளை மீளாய்வு செய்யும் அதிகாரத்தை மாகாண மேல் நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. திருகோணமலை மேல் நீதிமன்றத்திலேயே மனுவைப் போடலாம். மீளாய்வு உங்கள் உரிமை அல்ல, நீதிமன்றத்தின் தற்றுணிபு; செய்வதா வேண்டாமா என்பதை அதுவே முடிவுசெய்யும். தீர்ப்புப் பிழை என்று மட்டும் எழுதினால் தள்ளிவிடக்கூடும். சட்டம் தராத அதிகாரத்தை நீதிபதி எடுத்துக்கொண்டார் என்பதைக் கட்டளையின் வரிகளைக் காட்டியே எழுத வேண்டும். மாதக்கணக்கில் தாமதித்தால் நல்ல மனுவும் தோற்றுப்போகும். மனுப் போட்டதாலேயே வெளியேற்றம் நின்றுவிடாது. இடைக்காலத் தடையைத் தனியாகக் கேளுங்கள்.

அங்கும் சரிவராவிட்டால் கொழும்பு புதுக்கடையிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் இருக்கிறது. 140ஆவது உறுப்புரையின்படி, எல்லை மீறிய கட்டளையை எழுத்தாணை (ரிட்) மூலம் அது இரத்துச்செய்யலாம். எல்லை மீறி நடக்கும் விசாரணையைத் தடுக்கவும் அதனால் முடியும். 145ஆவது உறுப்புரைப்படி, யாரும் கேட்காமலேயே கீழ் நீதிமன்றத்தின் வழக்கேட்டை அழைத்துப் பார்க்கும் அதிகாரமும் அதற்கு உண்டு.

அப்புறம், நியாயாதிக்க ஆட்சேபணையை ஆரம்பத்திலேயே எழுப்பினீர்களா என்று கேட்பார்கள். நீதித்துறைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, அதைப் பற்றிப் பேசாமல் எதிருரை (உங்கள் பக்கத்துப் பதில்) கொடுத்துவிட்டால் பிறகு ஆட்சேபிப்பது கடினம். ஆனால் அந்த வகை வழக்கைத் தீர்க்கும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு இல்லாவிட்டால், உங்கள் மௌனமோ சம்மதமோ அதைக் கொடுத்துவிடாது.

உங்கள் வளவு அரச காணியாக இருந்து, பிரதேச செயலாளரின் வெளியேறும் அறிவித்தல் வந்தால் கதை வேறு. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து அதிகாரமோ இருக்கிறதா என்பதை மட்டுமே நீதவான் பார்க்க முடியும். அந்த அறிவித்தலுக்கு எதிராக எழுத்தாணை கேட்க மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகாதீர்கள். அரச காணி விடயத்தில் அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. நேரே புதுக்கடைதான். திருகோணமலையில் பலர் இந்த இடத்தில்தான் காலத்தையும் காசையும் இழக்கிறார்கள்.

மீளாய்வு நடக்கும்போதே மாவட்ட நீதிமன்றத்தில் உரிமை வழக்கும் போடலாம். 66ஆம் பிரிவுக் கட்டளை அதைத் தடுக்காது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாவிட்டால், சட்ட உதவி ஆணைக்குழுவை இந்த வாரமே அணுகுங்கள்.